ஒரு பக்கம் மட்டும் கறை

அத்தியாயம் 4

"இது போட்டோதான் அண்ணி. இல்லைன்னா நான் ஒரு மணி நேரம் வாயைத் திறக்க மாட்டேன்."

கொழுந்தன் இப்படிச் சவால் விட்டபோது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றைத் தாண்டி ஐந்து நிமிடம். அண்ணி படத்திலிருந்து தலையை நிமிர்த்தி அவனை ஆசையோடு பார்த்தார். காலையிலிருந்து இந்த வழக்கில் அவர் காதில் விழுந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

அண்ணி இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் வேலை பார்த்தவர். எரிந்த கடையையும் நசுங்கிய காரையும் பார்த்துப் பார்த்து, மனிதர்களை விசாரிப்பதைவிடப் பொருள்களை விசாரிப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். கொழுந்தன் அவருடைய கணவரின் தம்பி. பதினைந்து வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தினான். எல்லார் கையிலும் கேமரா வந்து சேர்ந்த பிறகு, பாஸ்போர்ட் படத்துக்கும் வழி கேட்கவும் மட்டுமே ஆட்கள் உள்ளே வந்தார்கள். கடையை மூடிவிட்டு அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். இதில் உதவி எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருந்தது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது, தோட்டத்து நாற்காலி, பெஞ்ச், ஊஞ்சல் எல்லாம் செய்து விற்கிற ஒரு கம்பெனியின் மாடி அறை. கீழே ஷோரூமில், வெயிலுக்கென்றே செய்த நாற்காலிகள் ஏசியில் பிளாஸ்டிக் புல்லின் மேல் சொகுசாக நின்றிருந்தன. எதிரே முதலாளி. அவருடைய பெல்ட்டின் வலது பக்கம் பெரிய சாவிக்கொத்து ஒன்று தொங்கியது. அவர் எது சொல்வதற்கும் முன்னால் அது ஒரு தடவை கலகலத்துவிடும்.

"திருடி யாருன்னு நானே கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நீங்க பெஞ்சை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்" என்றார்.

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க சார். மீதியையும் முடிச்சிருந்தா நாங்க வீட்ல தூங்கியிருப்போம்" என்றான் கொழுந்தன்.

விஷயம் இதுதான். இரண்டு பேர் உட்காரும் மரப் பெஞ்ச் ஒன்றை கம்பெனி புதிதாகக் கொண்டுவருகிறது. மாதிரிக்கு ஒன்றே ஒன்று செய்து கிடங்கில் வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் கண்காட்சி. நேற்று கிடங்கைத் திறந்து பார்த்தால் பெஞ்ச் இருந்த இடத்தில் தூசி மட்டும் இருந்தது. விளம்பரப் புத்தகத்துக்கான படம் தனியாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு நிஜப் பெஞ்ச் தேவையில்லை. அளவு வரைபடத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரிலேயே பெஞ்சைச் செய்து, கம்ப்யூட்டரிலேயே தோட்டம் போட்டு, வெயில் அடிக்கவைத்து எடுக்கிற படம் அது. தொழிலில் அதற்கு ரெண்டர் என்று பெயர்.

கம்பெனியின் டிசைனர் செய்து கொடுத்த பதினோரு ரெண்டர்களை முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் கைப்பட ஒரு குறிப்பு, கீழே கையெழுத்து, தேதி. 'பொம்மை மாதிரி இருக்கு.' 'பெஞ்ச் தரையில நிக்கல, மிதக்குது.' 'புல்லெல்லாம் இப்பத்தான் முடி வெட்டிட்டு வந்திருக்கு.' 'நிஜமா இருக்கணும்.' இந்தக் கடைசிக் குறிப்பு மட்டும் எட்டுப் படங்களில் இருந்தது, அடிக்கோட்டோடு.

பன்னிரண்டாவது படம் மேஜை மேல் கிடந்தது. காலை வெயில். பெஞ்சின் ஒரு கால் ஈர மண்ணில் அரை விரல் அளவு புதைந்திருந்தது. முன்னால் புல் மிதிபட்டுச் சாய்ந்திருந்தது. மரத்தின் விளிம்புகள் கைபட்டு மழுங்கி, அந்த மழுங்கலில் மட்டும் நூல் போல ஒரு வெளிச்சம் ஓடியது. வலது கைப்பிடியில், ஈர டம்ளர் வைத்து எடுத்த வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து. வலது பக்கப் பலகைகள் உட்கார்ந்து உட்கார்ந்து மெருகேறியிருந்தன. அந்தப் பக்க முதுகுச் சட்டத்தின் கீழே பிறை பிறையாக மெல்லிய கீறல்கள். இடது பக்கம் மட்டும் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் புத்தம் புதுசாக இருந்தது.

"இது கம்ப்யூட்டர்ல செஞ்சதாம்!" முதலாளியின் சாவிக்கொத்து பொங்கியது. "என் பெஞ்சைத் தூக்கிட்டுப் போய், யார் தோட்டத்துலயோ போட்டு, அசல் போட்டோ எடுத்துட்டு வந்து என்கிட்டயே ரெண்டர்ங்கறா. அதுலயும் பாருங்க மேடம், ஒரு பக்கம் மட்டும் கறை! ரெண்டு பேர் உக்கார்ற பெஞ்ச்ல அது எப்படிங்க? திருடறதுதான் திருடினா, அழுக்கையாவது ரெண்டு பக்கமும் சமமா ஆக்கக் கூடாதா?"

டிசைனர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக இருந்தாள். அவள் முன்னால் ஒரு ராஜினாமா கடிதம், முதலாளியே டைப் அடித்துவைத்தது. ஐந்து மணிக்குள் பெஞ்ச் வரவில்லை என்றால் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போடாவிட்டால் போலீஸ். ஆறு வருஷ வேலை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போகிறவளை எந்தக் கம்பெனியும் வாசலுக்குள் விடாது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏம்மா, இது நீங்க கம்ப்யூட்டர்ல செஞ்சதா?" அண்ணி கேட்டார்.

"ஆமா மேடம்."

"அப்ப திறந்து காட்டிடலாமே?"

"காட்டலாம். ஆனா சார் என் ரூமைப் பூட்டிட்டார். சாவி அவர் இடுப்புல இருக்கு. நேத்துலேர்ந்து யாரும் காட்டுன்னு கேக்கவே இல்ல மேடம்."

அண்ணி முதலாளியைப் பார்த்தார். முதலாளி சாவிக்கொத்தைப் பார்த்தார்.

அறை திறக்கப்பட்டது. டிசைனர் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு கையை நகர்த்தினாள். படத்திலிருந்த தோட்டம் அப்படியே சுழன்றது. வேலிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். மரங்களுக்குப் பின்பக்கம் கிடையாது. புல்லை மறைத்தாள், பெஞ்ச் அந்தரத்தில் நின்றது. சூரியனைப் பிடித்து மேற்கே தள்ளினாள். நிழல்கள் எல்லாம் எழுந்து கிழக்கே போய்ப் படுத்துக்கொண்டன.

பதினைந்து வருஷம் ஸ்டூடியோ நடத்தியவனுக்குத் தான் தோற்றுவிட்டது தெரிந்துவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தான்.

"மூணு இருபத்தஞ்சு" என்றார் அண்ணி, கைக்கடிகாரத்தைப் பார்த்து. "நாலு இருபத்தஞ்சு வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது தம்பி."

கொழுந்தன் வாயை மூடினான். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

டிசைனர் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஆயுள் மூன்று நிமிடம்தான். பெஞ்சைச் செய்தவரையும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அண்ணி தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். மரத்தூள் படிந்த புருவத்தோடு வந்த தச்சர், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அடடா, முன்னங்கால்ல இந்த வடு!" என்றார். "கடைசி நாள் உளி வழுக்கிப் பட்டது. மரத்தூளும் பசையும் வச்சு நானே அடைச்சேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இது எப்படிம்மா உனக்குத் தெரிஞ்சது?"

டிசைனர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அளவு வரைபடத்தில் உளி வழுக்காது. அந்த வடு அவளுக்குத் தெரியவேண்டும் என்றால், அவள் நிஜப் பெஞ்சைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" முதலாளி துள்ளினார். "படம் பொய்யா இருக்கலாம். திருட்டு நிஜம்!"

"நான் திருடல சார்."

"அப்ப எங்க பாத்தே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு ஒருத்தங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"வேலை போயிடும்மா" என்றார் அண்ணி மெதுவாக.

"தெரியும் மேடம்." கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் சொல்லவில்லை.

அந்த இடத்தில் கொழுந்தனுக்கு மூன்று நல்ல வசனங்கள் தோன்றின, மூன்றையும் விழுங்கினான். பேச வழியில்லாததால் வேறு வேலை இல்லை. முதலாளியின் அறைக்குத் திரும்பிவந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடினால் கண் திறக்கும் என்பது அவனுக்கு நாற்பத்தொன்றாவது வயதில்தான் தெரியவந்தது.

முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் வைப்பதற்கென்று அழகான தட்டு ஒன்று மேஜையில் இருந்தது. அதை அவர் சீண்டவில்லை. டம்ளரை மேஜையின் வலது மூலையில் வைத்தார், எடுத்தார், வைத்தார். அந்த மூலையில் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனதும் கொழுந்தன் அவருடைய நாற்காலியைப் பார்த்தான். வலது பக்கம், முதுகுக்குக் கீழே, சாவிக்கொத்து உரசும் இடத்தில் பிறை பிறையாகக் கீறல்கள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியின் முன்னால் போய் நின்று, விரலால் காற்றில் வட்டம் போட்டான். இடுப்பைத் தட்டினான். உட்கார்ந்து எழுந்தான். மறுபடி வட்டம் போட்டான்.

"வயித்து வலியா தம்பி?" என்றார் முதலாளி பரிவோடு.

"இல்ல சார், அவன் வாக்குமூலம் குடுக்கறான்" என்றார் அண்ணி. மேஜையில் கிடந்த பழைய படங்களைச் சீட்டுக்கட்டு போலப் புரட்டிப் பதினோராவதை உருவினார். "இதுல தேதி ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை உங்க ஆபீஸ் உண்டா சார்?"

"கிடையாது. அன்னிக்கு அவ என் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனா. எதுக்குக் கேக்கறீங்க?"

"பத்துப் படம் பொம்மை. பதினொண்ணும் பொம்மை. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம் பன்னெண்டாவது மட்டும் நிஜம். கிளம்புங்க சார், உங்க வீட்ல ஒரு டீ குடிக்கலாம். அஞ்சு மணிக்குள்ள பெஞ்சைக் காட்டறேன்."

டிசைனர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "வேணாம் மேடம்!" என்றாள். அண்ணி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். முதலாளி ராஜினாமா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து மணி எங்கே அடித்தால் என்ன, கையெழுத்துப் போட இடமா இல்லை என்பது அவர் எண்ணம்.

காரில் முதலாளியும் அண்ணியும் முன்னால். பின்னால் தச்சர், டிசைனர், நடுவில் வாய் மூடிய கொழுந்தன். வழி முழுக்க முதலாளி, இந்தக் காலத்தில் பொருளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று உபதேசம் செய்துகொண்டு வந்தார். கொழுந்தன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். ஒரு மரம், அடியில் நிழல், ஓரத்தில் தண்ணீர்க் குழாய்.

"தேடுங்க. நல்லாத் தேடுங்க" என்றார் முதலாளி. "இங்க பெஞ்ச் இருந்தா எனக்குத் தெரியாதா? நான் தினமும் காலையில பேப்பர் படிக்கற இடம் இது." சொல்லிக்கொண்டே சலிப்போடு மரத்தடியில் உட்கார்ந்தார். சாவிக்கொத்து மரத்தில் கிறீச்சென்று உரசியது.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபத்தைந்து. கொழுந்தனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சார்" என்றான் கொழுந்தன். ஒரு மணி நேரம் ஓய்வில் இருந்த குரல் கணீரென்று வந்தது. "எந்திரிச்சிடாதீங்க. நீங்க உக்காந்திருக்கறதுதான் காணாமப் போன பெஞ்ச்."

முதலாளி குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "இதா? சேச்சே! இது ஏதோ பழசு. நம்ம மாதிரி பெஞ்ச் பளபளன்னு புதுசா இருக்கும்."

"உக்காந்தா பழசாகும் சார்" என்றார் அண்ணி.

தச்சர் மண்டியிட்டு முன்னங்காலைத் தடவினார். அடைத்த வடு விரலில் தட்டியது. "நான் பெத்ததுதான்" என்றார்.

முதலாளி வலது கைப்பிடியைப் பார்த்தார். வட்டங்கள். திரும்பி முதுகுச் சட்டத்தைப் பார்த்தார். பிறைகள். சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எட்டுத் தடவை நிஜமா இருக்கணும்னு எழுதினீங்க" என்றார் அண்ணி. "இந்தப் பொண்ணு இங்க வந்தப்ப நிஜத்தைப் பாத்துடுச்சு. ஒவ்வொரு கறையையும் போன்ல படம் எடுத்துட்டுப் போய், அப்படியே கம்ப்யூட்டர்ல போட்டுச்சு. எப்படியும் ஒரு இருபது நாளா நீங்க போட்ட கையெழுத்து சார் அது. உங்க கையெழுத்தே உங்களுக்குத் தெரியாம, அவளைத் திருடின்னு வேலையை விட்டு அனுப்பப் பாத்தீங்க. இந்த வீட்ல உங்ககிட்டேருந்து ஒரு விஷயத்தை மறைக்கணும்னு அவகிட்ட வாக்கு வாங்கக்கூடியவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க."

"இருபது இல்ல. இருபத்து மூணு நாள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முதலாளியம்மா தட்டில் டீயோடு நின்றிருந்தார்.

"வேன் டிரைவர்கிட்ட சொல்லி நான்தான் கொண்டுவரச் சொன்னேன்" என்றார். "ஊர்ல எல்லார் தோட்டத்துலயும் உங்க பெஞ்ச். நான் கேட்டு மூணு வருஷமாச்சு, நம்ம வீட்ல உக்கார பின்வாசல் படிதான். சரி, கேக்காம எடுத்தா கத்துவீங்க, கத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிக்கலாம்னு நினைச்சேன். நீங்க கத்தவே இல்ல. பேப்பரைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க. ஏதுடி இதுன்னு ஒரு வார்த்தை கேப்பீங்க, நீயும் உக்காருன்னு சொல்வீங்கன்னு தினமும் பின்வாசல்ல நின்னு பாத்தேன். எத்தனை நாள்தான் ஆகுது பாக்கலாம்னு எனக்கும் வீம்பு வந்துடுச்சு."

டிசைனர் பக்கம் திரும்பியதும் அவர் குரல் உடைந்தது. "ஆனா உன் வேலைக்கே உலை வைப்பார்னு எனக்குத் தெரியாதும்மா. நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"வாக்கு குடுத்தேனேம்மா" என்றாள் டிசைனர்.

கொழுந்தன் பெஞ்சின் இடது பக்கத்தைப் பார்த்தான். ஒரு கறை இல்லை, ஒரு கீறல் இல்லை. மத்தியானம் படத்தில் பார்த்தபோது அதை எடுத்தவனின் கவனக்குறைவு என்று நினைத்திருந்தான். இப்போது பார்க்க அவனுக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி சாவிக்கொத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அது கலகலக்கவும் இல்லை. பிறகு ஓரமாக நகர்ந்து, "உக்காரு" என்றார்.

முதலாளியம்மா இடது பக்கம் உட்கார்ந்தார். தன் டம்ளரை அந்தப் பக்கக் கைப்பிடியில் வைத்தார். முதலாளி பதறிப்போனார். "ஐயோ, கறை படியும்!" என்று சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து டம்ளருக்கு அடியில் செருகினார்.

"சார்" என்றாள் டிசைனர். "அது என் ராஜினாமா."

முதலாளியம்மா டம்ளரைத் தூக்கினார். கடிதத்தை உருவி டிசைனரிடம் நீட்டினார். டம்ளரை மறுபடி வெறும் மரத்தின் மேலேயே வைத்தார்.

"படியட்டும்" என்றார் கணவரிடம். "நிஜமா இருக்கணும்ல?"

முதலாளி டிசைனரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "என்னை மன்னிச்சிடும்மா. அதைக் கிழிச்சுப் போட்டுடு. திங்கக்கிழமை ரூம் திறந்திருக்கும்" என்றார்.

அவள் கடிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். டைப் அடித்த வரிகளுக்கு நடுவே ஈரமாக ஒரு வட்டம், ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் கலைந்து, அழகாக விழுந்திருந்தது. கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, பந்தயம் எதுவும் இல்லாமலே, மூடிக்கொண்டான்.

"கிழிக்க மாட்டேன் சார்" என்றாள் டிசைனர், கடிதத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தபடி. "படத்துல இடது பக்கத்துக்கு இந்த வட்டம் வேணும்."